சின்ன இடிகூட விடக்கூடாது

என் அக்கா வீட்டுக்காரருக்கு ‘ரிஜெக்ட்’ என்று பெயர் வைத்தது நான் இல்லை. அவர் வேலை பார்க்கிற பாட்டில் மூடித் தொழிற்சாலையில் வைத்தது. பெட்டி பெட்டியாக மூடிகள் வந்து இறங்கும். அவர் ஒரு பிடி அள்ளி வெள்ளை விளக்குக்குக் கீழே கொட்டி, புரட்டிப் புரட்டிப் பார்த்து, “ரிஜெக்ட்” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தை அவருடைய கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரை வைத்தவன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு.

மூடியில் குறை இருக்கிற இடத்தைக் காட்ட அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் வைத்திருப்பார்கள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அதில் ஒரு சுருள் எப்போதும் மாமாவின் சட்டைப் பையில் இருக்கும். வீட்டிலும் ஒட்டுவார். கழுவிய டம்ளரில் தண்ணீர்க் கறை தெரிந்தால் ஒரு அம்பு. சுவிட்ச் போர்டில் விரல் தடம் தெரிந்தால் ஒரு அம்பு. வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அக்கா வந்து துடைத்துவிட்டு ஸ்டிக்கரை உரித்துப் போடுவாள். ஒருநாள் நான் சாப்பிட்டு எழுந்த நாற்காலியின் முதுகில் ஒன்று ஒட்டியிருந்தது. என்ன தப்பு என்று கேட்டேன். “உள்ள தள்ளிப் போடல,” என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் நின்றுகொண்டுதான் பேசுவது.

எனக்கு அவரைப் பிடிக்காது, அவருக்கும் என்னைப் பிடிக்காது. நான் கார்களுக்கு சீட் உறை, ஸ்பீக்கர், கேமரா எல்லாம் மாட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். அவர் கணக்கில் அது வேலையே இல்லை. “கடைக்காரன்” என்று யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தும்போது ‘கடை’யில் ஒரு அழுத்தம் கொடுப்பார். இருந்தும் காருக்குள் மாட்டுகிற டாஷ் கேமரா வேண்டும் என்றதும் என் கடைக்குத்தான் வந்து நின்றார், சொந்தக்காரன் என்றால் கூலி கேட்க மாட்டான் என்ற ஞானம் அவருக்கு நிறைய உண்டு.

கேமரா எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், இடுப்பெலும்பு உடைந்தவர்கள், இவர்களுடைய வீட்டுக்கே போய் எழுப்பி நடக்க வைப்பாள். மின்சார சிகிச்சைப் பெட்டி, ரப்பர் பட்டைகள், மடக்கு ஊன்றுகோல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது என்று சம்பாதித்த காசில் ஒரு சின்ன கார் வாங்கினாள். பதிவு மாமாவின் பெயரில். “குடும்பத் தலைவன் பேர்லதான் இருக்கணும்,” என்று தீர்ப்புச் சொன்னவர் மாமாவின் அண்ணன். அவருக்கு மட்டும் பெயர் வைத்தது நான்தான்: பெரிய ரிஜெக்ட்.

கார் வந்த பிறகு அக்காவே மாறிப்போனாள். பாட்டுப் போட்டு, கூடவே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுவாள். முன்பெல்லாம் மார்க்கெட்டுக்குப் போவதென்றாலும் “ஏங்க, கொண்டுபோய் விடுறீங்களா?” என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது “வந்துடறேங்க” என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கேட் சத்தம் கேட்கும், போயிருப்பாள்.

அப்போதுதான் கீறல்கள் வர ஆரம்பித்தன. பின்பக்க பம்பரில், இடதுபுறம் ஒன்று. கொஞ்ச நாள் கழித்து அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சாயங்காலம் அக்கா காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் மாமா டார்ச்சும் கையுமாகச் சுற்றி வருவார். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு அம்பு ஒட்டுவார். “எங்க இடிச்ச?” என்பார். “நான் எங்கயும் இடிக்கலங்க,” என்பாள். “அப்ப காரே போய் இடிச்சுக்கிச்சா?” என்பார். இதே கேள்வி, இதே பதில், ஒவ்வொரு தடவையும்.

கடைசியில் ஹாலில் இருந்த சாவி ஆணியைக் காட்டிச் சொல்லிவிட்டார். “இன்னொரு கீறல் வரட்டும். சாவி இந்த ஆணியிலதான் தொங்கும். வேணும்னா என்னைக் கேட்டு எடுக்கணும்.” கேட்டால் கொடுப்பார் என்று நினைக்கிறவர்கள் அவரோடு ஒரு வாரம் இருந்து பாருங்கள்.

ஒரு மத்தியானம் எனக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு நோயாளியின் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். “டேய், கொஞ்சம் வந்து பாக்குறியா? பின்னாடி ஏதோ பட்ட மாதிரி இருந்துச்சு.” கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஒன்றுமே படவில்லை, பெட்டி சரிந்த சத்தம். ஆனால் அவள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். போகிற இடத்திலெல்லாம் அப்படித்தான் செய்கிறாளாம். “நெஜமா எனக்கே தெரியாம இடிக்கிறேனோ என்னமோடா,” என்றாள். “சாவி போச்சுன்னா வேலை போச்சு.” எத்தனையோ பேரைக் கைபிடித்து நடக்க வைத்தவளுக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

அந்த ஆத்திரத்தோடுதான் அவர் கேமரா வாங்க வந்தபோது கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

“வா மச்சான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?” என்றார். கடை என்னுடையது, அவருக்கு மச்சானும் நான்தான். “வாங்க மாமா,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல் பெட்டியை எடுத்து வைத்தேன். அட்டையின் மூலை நசுங்கியிருந்தது. ரிஜெக்ட். இரண்டாவதில் உள்ளே பேட்டரி இருந்தது. வெயிலில் நிற்கிற காருக்கு பேட்டரி உப்பிவிடும் என்று நானே சொன்னேன். நான் சொன்னதனால் அதை இன்னும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரிஜெக்ட். கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டுகிற வகை விழுந்துவிடும் என்று அவராகவே கண்டுபிடித்து, பசைப் பட்டை வகை வேண்டும் என்றார். அது மட்டும்தான் என்னிடம் இருந்தது.

“முன்னாடி ஒண்ணு போதும் மாமா. வேணும்னா பின்னாடி ஒண்ணு.”

“உள்ள?”

“உள்ளயா?”

“உள்ள பாக்குற மாதிரி ஒண்ணு வருதாமே. அண்ணன் சொன்னாரு.”

“அது வாடகைக் காருக்கு மாமா. தெரியாத ஆள் ஏறுவாங்க, இறங்குவாங்க. வீட்டுக் காருக்கு எதுக்கு?”

“ஓட்டும்போது கண்ணு ரோட்டுல இருக்கா, போன்ல இருக்கா, தெரியணும்ல?”

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “என்கிட்ட கிடையாது,” என்றேன். அவர் எட்டி அலமாரியில் இருந்த மூன்று கேமரா செட்டை அவரே எடுத்து மேசைமேல் வைத்தார். கழுகுக் கண், அதில் சந்தேகமே இல்லை.

அக்காவுக்கு போன் போட்டேன், அவள் மறுத்துவிடுவாள் என்ற நம்பிக்கையில். “போட்டுடு,” என்றாள். “நான் ஒண்ணும் மறைக்கல. போட்டாத்தான் எனக்கும் தெரியும்.”

பொருத்துவதற்குக் காரை அவர் வீட்டுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொன்னார். கடையில் விட்டால் நான் ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவேனாம். நான் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அவர் மறுபடி துடைத்தார். முன் கேமராவைக் கண்ணாடியின் நடுவே, ஓட்டுகிறவர் பார்வைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒட்டினேன். அவர் அளவுப் பட்டையை வைத்து அளந்தார். பிளாஸ்டிக் நெம்புகோலால் பக்கத் தூணின் மூடியைத் திறந்து, காற்றுப்பைக்குப் பின்னால் ஒயரை விட்டு, கூரைத் துணிக்குள் செருகி, பின் கதவு வரைக்கும் கொண்டுபோனேன். பின் கதவில் ஒயர் போகிற ரப்பர் குழாய் இருக்கிறதே, அதற்குள் ஒயரை நுழைக்கிற நேரத்தில் யாரும் என் பக்கத்தில் நிற்கக்கூடாது. அவர் நின்றார். “இன்னும் ஆகலையா?” என்றார். நான் அந்த ரப்பர் குழாயைப் பார்த்துச் சில வார்த்தைகள் சொன்னேன். அவருக்குச் சொன்னதுதான்.

ஃப்யூஸ் பெட்டியில் ஒயரைக் கொடுத்து, கேமரா உயிர் பெற்றதும் அமைப்புகளைக் கேட்டேன். அன்றைக்குக் கேட்டதும் அவர் சொன்னதும் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

“உள்ள மைக் இருக்கு மாமா. ஆன்ல வைக்கவா, ஆஃப்ல வைக்கவா?”

“ஆன்.”

“கார் எங்கயாவது இடிச்சா அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் கேமரா தானா லாக் பண்ணிடும், அழியாது. மத்ததெல்லாம் கார்டு நிறைஞ்சா பழசு மேல புதுசு ஏறிடும். எவ்வளவு பலமா இடிச்சா லாக் பண்ணணும்?”

“சின்ன இடிகூட விடக்கூடாது.”

“ரோட்டுல பள்ளம் வந்தாலும் லாக் ஆகும்.”

“ஆகட்டும். வண்டியைப் பள்ளத்துல விடாம ஓட்டணும்ல?”

வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கூலி கேட்கவில்லை. எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அக்காவோடு ஒருதரம் காரில் போனேன். பாட்டு இல்லை, முணுமுணுப்பும் இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் நேராக. தலைக்கு மேலே உள்ளே பார்க்கிற கேமரா. “பாட்டுப் போடலையாக்கா?” என்றேன். உதட்டில் விரலை வைத்து மேலே காட்டினாள். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி இருந்தது அவளைப் பார்க்க.

அப்புறம், எதிர்பார்த்த மாதிரியே, இன்னொரு கீறல். அதே இடது பக்கம். மாமா அம்பை ஒட்டினார். இந்த முறை “எங்க இடிச்ச?” என்று கேட்கக்கூட இல்லையாம். விசில் அடித்துக்கொண்டே மெமரி கார்டை உருவினாராம். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் உடனே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருப்பார்கள். இவர் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு: தகராறு வந்த சரக்கிலிருந்து எடுத்த மாதிரியை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் கையெழுத்துப் போட்டு வைப்பார்கள். எல்லாத் தரப்பும் கூடின பிறகுதான் பிரிப்பது. தனியாகப் பிரித்துப் பார்த்தால் அது செல்லாது. அந்த மரியாதையை இந்த மெமரி கார்டுக்கும் கொடுத்தார். உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்துப் போட்டு, டிவிக்கு மேலே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணனை வரச் சொன்னார். என்னையும் வரச் சொன்னார், மெஷின் என்னுடையது என்பதால்.

போனேன். ஹாலில் பெரிய ரிஜெக்ட் நடு சோபாவில் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். அக்கா ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தாள். கார் சாவி அவள் கைக்குள். ஆணிக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். “எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இடிக்கல,” என்று என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னாள், யாரும் கேட்காமலே. எனக்கும் சந்தேகம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் இடித்திருந்தால்?

மாமா உறையை எல்லோருக்கும் காட்டினார். “முத்திரை சரியா இருக்கா?”

“இருக்கு, இருக்கு. போடு,” என்றார் அண்ணன்.

நான் கார்டை டிவியில் செருகினேன். லாக் ஆன ஃபைல்கள் வரிசையாக வந்தன. முதலாவதில் ஒரு பள்ளம். கார் மெதுவாக இறங்கி ஏறியது. இரண்டாவதில் வேகத்தடை. மூன்றாவதில் ஒரு நாய் குறுக்கே ஓட, அக்கா பிரேக் போட்டு, அது போகும்வரை பொறுத்து, பிறகு போனாள். திரையின் ஒரு மூலையில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது, கண் ரோட்டிலேயே இருந்தது.

“பிரேக் லேட்டு,” என்றார் அண்ணன்.

“குறிச்சுக்கலாம்ணே,” என்றார் மாமா.

நான்காவதில் காலை வெளிச்சம். கார் வீட்டு கேட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. மூலைப் படத்தில் இருந்த முகம் அக்காவுடையது இல்லை.

அந்த வீட்டு கேட்டுக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தூண். காலையில் காரைப் பின்பக்கமாக எடுத்துத் தெருவில் நிறுத்திக் கொடுப்பது மாமாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, “கேட் குறுகல், உனக்கு வராது,” என்று அவராக எடுத்துக்கொண்டது. தினமும் நடக்கிறதால் அது யாருடைய கண்ணிலும் ஓட்டுவதாகவே படவில்லை. அவருக்கும் படவில்லை.

டிவியில் அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதிலிருந்து வந்தது, இதோ நடு சோபாவில் உட்கார்ந்திருக்கிற அண்ணனின் குரல்.

“இன்னும் சாவியை வாங்கலையா நீ?”

“வாங்க ஒரு காரணம் வேணும்லண்ணே,” என்றது டிவிக்குள் மாமாவின் குரல். “நல்லாத்தான் ஓட்டுறா. சொல்லப்போனா என்னைவிட நல்லாவே ஓட்டுறா. அதான் பிரச்சினையே. முன்னெல்லாம் தெருமுனைக்குப் போகணும்னாலும் என்கிட்ட வந்து நிப்பா. இப்ப நான் எதுக்கு இருக்கேன்னே தெரியல.”

“கேமரா மாட்டியிருக்கேல்ல? எதுலயாவது சிக்குவா.”

பின் கேமராவில் இடது பக்கத் தூண் நகர்ந்து நகர்ந்து பெரிதாக வந்தது. டக் என்று ஒரு சத்தம். திரையின் மேலே சின்னதாக ஒரு பூட்டுப் படம் எரிந்தது.

“என்னடா சத்தம்?” என்றது அண்ணன் குரல்.

“ஒண்ணுமில்ல, கல்லு,” என்றார் மாமா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஃபைல் முடிந்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நான் வாழ்க்கையில் எவ்வளவோ படம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று பார்த்ததில்லை. கைதட்டிவிடுவேனோ என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மாமாதான் முதலில் பேசினார். “இது மிரர் இமேஜா இருக்கும். இடது வலதா தெரியும்.”

“சரி, அப்ப வலது தூண்ல இடிச்சிருக்கீங்க,” என்றேன்.

“வைட் லென்ஸ்ல எல்லாமே கிட்ட இருக்க மாதிரி தெரியும். நீ மாட்டின கோணமே தப்பு. இந்தக் கேமராவே...” சொல்ல வந்ததை நிறுத்திவிட்டார். அந்த வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

“எனக்கு ஒரு வேலை இருக்கு,” என்று அண்ணன் எழுந்தார். வந்த தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய், கேட்டருகே நின்று சரியாகப் போட்டுக்கொண்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அக்கா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், “இன்னொரு தடவை போடுடா,” என்றாள்.

தூண் வருகிற இடத்துக்குத் தள்ளினேன்.

“அது வேணாம். அதுக்கு முன்னாடி.”

போட்டேன். ‘நல்லாத்தான் ஓட்டுறா. சொல்லப்போனா என்னைவிட நல்லாவே ஓட்டுறா.’

“நிறுத்து,” என்றாள். அவரைப் பார்த்துத் திரும்பினாள். “கல்யாணமாகி இவ்வளவு வருஷத்துல என்னைப் பத்தி நீங்க சொன்ன ஒரே நல்ல வார்த்தை இது. அதையும் என்கிட்ட சொல்லல.”

“அது வேற அர்த்தத்துல...” என்று ஆரம்பித்தார்.

“நான் ராத்திரி தூங்காம யோசிச்சேன், எந்தத் திருப்பத்துல இடிச்சிருப்பேன்னு. பேஷண்ட் வீட்டு வாசல்ல நின்னு அழுதிருக்கேன். உங்களுக்குத் தெரியும், நான் நல்லா ஓட்டுறேன்னு. தெரிஞ்சே அம்பு ஒட்டியிருக்கீங்க.”

‘மன்னிச்சுக்கோ’ என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார், ஸ்டிக்கர் சுருள் இருந்த பையை.

அக்கா எழுந்து, ஆணியைத் தாண்டிப் போய், சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

மறுநாள் காலையில் மாமா எனக்கு போன் செய்தார். உள்ளே இருக்கிற கேமராவைக் கழற்ற வேண்டுமாம், உடனே. ஓட்டுறவங்க சொன்னால் கழற்றுகிறேன் என்றேன். கார் யார் பெயரில் இருக்கிறது தெரியுமா என்றார். தெரியும், தூணில் இடித்தது யார் என்பதும் தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டார். அன்று மத்தியானமே அக்கா கடைக்குக் காரைக் கொண்டுவந்து, “உள்ள இருக்கறதை மட்டும் எடுத்துடுடா,” என்றாள். எடுத்தேன். முன்னும் பின்னும் இருப்பவை இருக்கட்டும் என்றாள். பம்பரில் அம்புகள் அப்படியே இருந்தன. உரிக்கவா என்று கேட்டேன். “ஒட்டினவர் உரிப்பார்,” என்றாள். இன்னும் உரிக்கவில்லை.

முந்தின நாள் காரில் திரும்பச் செருகிவிட்டு வந்த கார்டை ஒருதடவை சரிபார்த்துவிடலாம் என்று போட்டுப் பார்த்தபோது அன்றைய காலையும் அதில் இருந்தது. அக்காவே பின்பக்கமாக எடுக்கிறாள். மாமா கேட்டுக்கு வெளியே நின்று, வா, வா என்று கையை ஆட்டுகிறார், ஸ்டியரிங்கை ஒடி, ஒடி என்கிறார். ஜன்னல் கண்ணாடி ஏறுகிற சத்தம். கார் இரண்டு தூணுக்கும் நடுவே நேராக, நிற்காமல் வெளியே வருகிறது. அவர் ஓரமாக ஒதுங்க வேண்டியதாகிறது. கார் திரும்பியதும் முன் கேமராவில் தெரிகிறார், தூக்கிய கையை இறக்காமல். அப்புறம் பாட்டு ஆரம்பிக்கிறது, அக்கா கூடவே முணுமுணுக்கிறாள்.

எதுவும் இடிக்காததால் அது லாக் ஆகவில்லை. இந்நேரம் அதன்மேல் வேறு ஏதாவது ஏறியிருக்கும்.